அம்பதுக்கு மேல் போகாத அக்கா

கல் கிரஷரை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஐந்து மாதம் அங்கே கல் தூசியில் நின்றிருந்தேன். இருமினால் துண்டு வெள்ளையாகும் நிலைமை வந்ததும், போதும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பிலிருந்தும் இப்படித்தான் கிளம்பினேன். உத்திரமேரூர் எவ்வளவு தூரம் என்று தெரியாது. அங்கே போய் என்ன செய்வது என்பதும் தெரியாது. வலது கால் செருப்பு அறுந்து அதைக் கையில் பிடித்திருந்தேன்.

பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. என் பக்கம் வந்ததும் என் நடைக்குச் சமமாக ஊர்ந்தது. ஓட்டியவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"கொஞ்சம் வேகமா நட பா. கதவு தொறந்துதான் கீது, ஏறிக்கோ."

நிற்காத காரில் எப்படி ஏறுவது என்று கேட்டேன். பஸ்ஸில் ஏறுவதில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நாலடி ஓடி, பையை உள்ளே எறிந்து, பின்னாலேயே நானும் விழுந்தேன்.

"நிக்கிறதுல ஒண்ணும் இல்ல. நின்ன வண்டிய மறுபடி ஃபஸ்ட் கியர்லருந்து கெளப்பணும் பாரு, அங்கதான் டீசல் கொட்டுது," என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பதினோரு ஊரில் பதினெட்டு வேலை பார்த்தவன். சமையல்காரர், லாரிக்காரர், பாம்பு பிடிக்கிறவர் என்று எல்லாரோடும் ஒரே கொட்டகையில் படுத்து எழுந்திருக்கிறேன். ஆனால் ஒரு சொட்டு டீசலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த இன்னொரு பிறவியை இந்தப் பூமியில் நான் பார்த்ததில்லை. உத்திரமேரூர் டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு அம்பதக்கா என்று பெயர். சொந்தப் பெயர் அவர் லைசென்ஸில் இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. அவர் வண்டியின் வேக முள் அம்பதைத் தாண்டியதில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஸ்டாண்டிலேயே படுத்தேன். வண்டிகளைக் கழுவினேன். அக்காவுக்குச் சவாரியில் இடம் காலியாக இருந்தால் கூடப் போனேன். ஒரு மாதத்தில் நான் பார்த்ததைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

அக்கா வெறுங்காலில்தான் ஓட்டுவார். செருப்பு போட்டால் எஞ்சின் பேசுவது பாதத்துக்குக் கேட்காதாம். ஆக்சிலேட்டரை அவர் மிதித்து நான் பார்த்ததில்லை. தூங்குகிற குழந்தையின் வயிற்றில் கை வைப்பதுபோல அதன்மேல் கால் வைத்திருப்பார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறுவதற்குள் அடுத்த கியர் விழுந்துவிடும். காலையில் வண்டியை உறுமவிட்டுச் சூடு பண்ணுகிற டிரைவர்களைப் பார்த்து, "நிக்க வச்சி சோறு போடுறான் பாரு" என்பார். ஸ்டார்ட் செய்த உடனே மெதுவாகக் கிளம்பிவிடுவார். போகப்போகத் தானே சூடாகும்.

பிரேக் என்பதை அவர் ஓர் அவமானமாக நினைத்தார். பிரேக் பிடித்தால் அதுவரை எரித்த டீசலைத் தூக்கிச் சாலையில் ஊற்றியதாக அர்த்தம். அதனால் முந்நூறு அடிக்கு முன்னால் என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் எத்தனை வேகத்தடை, எந்தப் புளியமரத்தடியில் காலை எடுத்தால் வண்டி தானாகத் தளர்ந்து தடைமேல் மெத்தென்று ஏறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுப்புக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். எந்த ஊர்க்காரர் எந்தப் பக்கம் கொட்டுவார், எத்தனை மணிக்கு வாரி எடுப்பார் என்பதை முதல் நாளே ஃபோனில் விசாரித்துக்கொள்வார். அந்த ஊர் மாடுகளைக்கூடத் தனித்தனியாகத் தெரியும். "அந்தச் செவலை குறுக்கால வராது, நம்பலாம். பின்னாடி வருது பாரு கருப்பு, அது திருடு," என்று சொல்லிக் காலை எடுப்பார். கருப்பு மாடு குறுக்கே வரும்.

ஒருமுறை பிரேக் கட்டையை மாற்றப் போனபோது மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, வண்டி ஓடாமல் எத்தனை வருஷம் ஷெட்டில் நின்றது என்று விசாரித்தார்.

சாமி ஊர்வலமோ ஆட்டு மந்தையோ எதிரில் வந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் காற்று பார்ப்பார். காற்று குறைந்த டயர் சேற்றில் நடக்கிற மாதிரி இழுக்கும் என்பது அவர் கட்சி. வண்டியின் தலையில் இருந்த கேரியரைக் கழற்றி வீட்டில் முருங்கைக்கு முட்டுக்கொடுத்திருந்தார். அது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நிச்சயதார்த்தத்துக்குப் போன ஒரு குடும்பம் பழத்தட்டை வீட்டில் மறந்துவிட்டு, ஆறு கிலோமீட்டர் தாண்டியபின் திரும்பச் சொன்னது. அக்கா திரும்பவில்லை. தட்டை அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னார். தட்டு அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

ஸ்டாண்டில் இதற்கு நேர் எதிரான ஒருவர் இருந்தார். அவருக்கு ராக்கெட் என்று பெயர். அவரும் அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷத்து வண்டிதான் வைத்திருந்தார். ஆனால் மேலே கேரியர், அதில் கொடி, உள்ளே நாலு ஸ்பீக்கர். பாலாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லிக்கொள்வார். அக்காவுக்கு அது ஒன்றுதான் உண்மையான கோபத்தை வரவழைக்கும். கியரில் வைத்துக் காலை எடுத்தால் எஞ்சினே டீசலை நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில் போட்டால் அது குடித்துக்கொண்டே இருக்கும், அவசரத்துக்கு வண்டியும் அடங்காது என்று நூறு முறை சொல்லியிருக்கிறார். ராக்கெட் நூறு முறையும் சிரித்தார்.

இந்தச் சமயத்தில்தான் டீச்சர்கள் வந்தார்கள். நாலு பேர். உத்திரமேரூரில் வீடு, தென்னேரிப் பக்கம் பள்ளிக்கூடம். தினமும் போய்வர மாத வாடகைக்கு ஒரு கார் வேண்டும். ஒன்பதே காலுக்கு மணி அடிக்கும்முன் பள்ளியில் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு அந்தச் சவாரி கிடைத்தே ஆக வேண்டும். கல்யாண சீசன் முடிந்து ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். கிடைக்காவிட்டால் காரை விற்றுவிட்டு, கம்பெனி ஆட்களை ஏற்றும் வேனில் சம்பளத்துக்குப் போவதாக முடிவு செய்திருந்தார். ஷிப்ட் விடும்வரை கேட்டில் ஒரு மணி நேரம் ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டு நிற்க வேண்டிய வேலை அது. அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராக்கெட் கேட்டதைவிட அக்கா கேட்ட வாடகை ரொம்பக் குறைவு. அவர்களில் பெரியவரான கணக்கு டீச்சருக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. ஒரே மாடல் வண்டி, ஒருத்தருக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகும்? பாதி மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டால்? அதனால் அவரே ஒரு பரீட்சை வைத்தார். ஒரே நாளில் இரண்டு காரும் டேங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு டீச்சரோடு போய்விட்டு, சாயங்காலம் அதே பங்க்கில் மறுபடி விளிம்புவரை நிரப்ப வேண்டும். எது குறைவாகக் குடித்ததோ, நேரத்துக்குப் போனதோ, அதற்குச் சவாரி.

அக்கா ஒரு திருத்தம் சொன்னார். நாளைக்கு நாலு பேர் உட்காரப் போகிற வண்டியில் இன்றைக்கு இரண்டு பேரை வைத்து ஓட்டினால் அது பொய்க் கணக்கு. எனவே என்னையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். ராக்கெட், தனக்கு இரண்டே போதும் என்றார்.

இங்கேதான் நான் புத்தியைக் காட்டினேன். முதல் நாள் மாலை அக்கா டிக்கியைச் சுத்தம் செய்யச் சொன்னார். தண்ணீர் கேன், சாக்கு, பழைய பெல்ட் எல்லாவற்றையும் எடுத்தேன். ஸ்டெப்னி மட்டும் குண்டாக உட்கார்ந்திருந்தது. ஒரு மாதமாக எடை, எடை என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்த டயரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அதையும் ஜாக்கியையும் தூக்கி ஸ்டாண்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஜெயித்தபின் சொல்லி நல்ல பேர் வாங்கலாம் என்று இருந்தேன்.

மறுநாள் சரியாக எட்டு மணிக்கு நாங்கள் கிளம்பினோம். ராக்கெட் டீக்கடையில் உட்கார்ந்து, கால் மணி கழித்து வந்தாலும் முந்திவிடுவேன் என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினார். கணக்கு டீச்சர் எங்கள் வண்டியில்தான் ஏறினார். மடியில் ஒரு கட்டு பரீட்சைத் தாள். பாலாற்றைத் தாண்டிப் பழையசீவரத்தில் திரும்பியதும் 'பட்' என்று ஒரு சத்தம். கிரஷர் லாரியிலிருந்து சிந்திய கல், கத்தி மாதிரி நின்று டயரைக் கிழித்திருக்கிறது. ஐந்து மாதம் நான் அள்ளிப் போட்ட கல்தான், சந்தேகமில்லை.

அக்கா இறங்கி டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு ஈக்குச்சிகூட இல்லை. அவ்வளவு சுத்தமாகப் பெருக்கியிருந்தேன். டிக்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஐந்து நிமிஷம் கழித்து ராக்கெட், சாமி வந்தவர் மாதிரி பாய்ந்து வந்து, கிறீச்சென்று நின்றார். நான் அவர் கையசைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாக்கா, நடந்து போற வேகத்துல கூடவா பஞ்சர் ஆவும்?"

"ஸ்டெப்னி இல்லபா," என்றார் அக்கா.

ராக்கெட் இறங்கினார். தன் டிக்கியைத் திறந்து தன் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார். ஜாக்கியையும் அவரே போட்டார். நின்ற வண்டியை விட்டுப் போகிறவன் அந்த ஸ்டாண்டில் நிற்க முடியாது. அது அங்கே எழுதாத சட்டம். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, இதற்கு மேலாவது அறுபதில் போகும்படி கேட்டுக்கொண்டார். அக்கா அம்பதிலேயே போனார். ஒன்பது அடித்து எட்டு நிமிஷத்துக்குப் பள்ளி வாசலில் இருந்தோம். ராக்கெட் அதற்குள் வந்து நின்றிருந்தார். அவர் வண்டியில் வந்த டீச்சர்களில் ஒருவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சாயங்காலம் அவர் கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறினார்.

பங்க்கில் முதலில் ராக்கெட்டின் வண்டி. ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே போயிற்று. அடுத்தது அக்கா. நாலேகால் லிட்டரில் டீசல் விளிம்புக்கு வந்துவிட்டது. பங்க் ஆள் நம்பாமல் வண்டியை ஆட்டிப் பார்த்தார். சொட்டு இறங்கவில்லை. நான் கை தட்டப்போனேன்.

"டீச்சர், இது செல்லாது," என்றார் அக்கா. "பழைசீவரம் வரைக்கும் என் வண்டில ஸ்டெப்னி இல்லாமதான் ஓட்டிக்கினு வந்தேன். அது தப்பு. நாளைக்கி மறுபடி ஓட்டிக் காட்டுறேன்."

கையில் வந்த சவாரி, சொந்தக் கார், எல்லாவற்றையும் அந்த அம்மாள் ஒரு டயருக்காக மேஜைமேல் திருப்பி வைக்கிறார். நான்தான் எடுத்து ஒளித்தேன், அக்காவுக்குத் தெரியாது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

கணக்கு டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டெப்னி எவ்வளவு எடை என்று ராக்கெட்டிடம் கேட்டார். ஜாக்கியோடு சேர்த்துப் பதினெட்டு கிலோ இருக்கும் என்றார் அவர். அடுத்து என் எடையைக் கேட்டார். கிரஷரில் இளைத்ததுபோக அறுபது இருப்பேன் என்றேன்.

"அப்ப இந்தம்மா நாப்பத்திரண்டு கிலோ கூடத்தான் இழுத்துருக்காங்க. இதுல இன்னாத்துக்கு மறுபடி ஓட்டணும்?" என்ற டீச்சர், கையிலிருந்த கட்டைப் பிரித்துக் காட்டினார். "காலைல முப்பது பேப்பர், சாயங்காலம் முப்பது. வண்டியிலயே திருத்திட்டேன். ஒரு மார்க் கோணலா வுழுந்துருக்கா பாருங்க. நாளைலருந்து நீங்களே வந்துடுங்க."

ராக்கெட்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் மெதுவாக, கியரில் வைத்து உருட்டுவது எப்படி என்று நாளைக்குச் சொல்லித் தருமாறு அக்காவின் காதில் கேட்டது என் காதிலும் விழுந்தது.

ஸ்டாண்டுக்குத் திரும்பினோம். இறங்கியதும் அக்கா சொன்னார்.

"இத பாரு தம்பி. நாலு டீச்சரு, நானு, ஸ்டெப்னி. வண்டி ரொம்பிப் போச்சி. உன்ன இறக்கி விட்டுத்தான் ஆவணும்."

நியாயம்தான். பையை எடுக்கத் திரும்பினேன். எந்த ஊர் என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க கெளம்பிட்ட? காலைல ஆறு மணிக்கி வாலாஜாபாத் ரோட்டுப் பஞ்சர் கடைக்கிப் போ. சொல்லி வச்சிக்கீறேன். டயரு கழட்டறதுல உன்ன மாதிரி சுறுசுறுப்பான ஆளு கெடைக்க மாட்டான்னு சொன்னேன்."

போனேன். ஒரு ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்காத நான் அந்தக் கடையில் மூன்று வருஷம் இருந்தேன். முதல் நாள் காலை முதலாளி சம்பளம் என்ன வேண்டும் என்று கேட்டார். நான், அக்காவின் வண்டி தினமும் எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் வரும் என்றுதான் கேட்டேன்.