பெண் பார்க்க வந்த இடத்தில் சிவிங்கிப்புலி

வாயாடிப் பெண்ணால் குடும்பம் கெடும் என்பார்கள். என் அனுபவத்தில், பேசாத பெண்தான் ஆபத்து. வாயாடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டித் தீர்த்துவிடுவாள். வாயே திறக்காதவள் திறக்கிற அன்றைக்கு என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. நான் அந்த இரண்டாவது வகை.

தொண்ணூறுகளில் மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. என்னை ஐந்து வீட்டார் வந்து பார்த்து, கேசரிபாத் சாப்பிட்டு, "பொண்ணு பேசவே மாட்டேங்குதே, ஏதாச்சும் குறையா?" என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். (குறை ஒன்றும் இல்லை. யாராவது பெயரைக் கேட்டாலே நான் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.) என் தங்கைக்கு நஞ்சன்கூட்டில் நல்ல இடம் ஒன்று அமைந்திருந்தது. அக்காவுக்கு முடிக்காமல் தங்கைக்கு முடிக்கமாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். ஆவணி வரைதான் காத்திருப்போம் என்று அவர்கள் கெடு வைத்துவிட்டார்கள். இது நடந்தது ஆனியில்.

ஆறாவது வீட்டார் வருகிற அன்று அம்மா என்னை அடுக்களையில் நிறுத்திச் சொன்னாள்: "இன்னிக்கு ஏதாச்சும் பேசுடி. எதுவானாலும் பரவால்ல. வாயத் தொறந்தா போதும்."

எதுவானாலும் பரவாயில்லை என்று அவள் சொன்னதற்கு என் தங்கை சாட்சி. இதை இன்றுவரை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பத்தாவது பாஸான எனக்கு உலகத்தில் ஒழுங்காகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். மாடியில் வீட்டு ஓனரம்மா புதிதாகக் கேபிள் போட்டிருந்தார். மதியம் மூன்று மணிக்கு ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளைக் காட்டுவார்கள். பேச்செல்லாம் ஆங்கிலம். ஓனரம்மா எனக்குக் கன்னடத்தில் விளக்குவார். தனக்குப் புரியாத இடங்களில் தன் மாமியார் கதையைச் சேர்த்துக்கொள்வார். இப்படியாக நான் சீட்டா என்கிற சிவிங்கிப்புலியின் குடும்ப வாழ்க்கையில் தேர்ச்சி பெற்றேன்.

அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். புலி என்று பெயர்தான். கர்ஜிக்க வராது, குருவி மாதிரிக் கீச்சிடும். உயிரைக் கொடுத்து ஓடி ஒரு மானைப் பிடிக்கும். பிடித்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது கழுதைப்புலி வந்தால், சண்டை போடாமல் மானை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும். கூச்ச சுபாவம்.

அன்று மாப்பிள்ளை, அவருடைய இரண்டு தம்பிகள், அம்மா, அப்பா என்று ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஹெப்பாளில் ஃபாக்டரி வேலை. நான் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மாதான் கன்னடம் கலந்து பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க மூணு பசங்களும் ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்க மாட்டாங்க கண்ரி. கடைசி வரைக்கும் ஒண்ணாத்தான் இருப்பாங்க."

பின்னாலிருந்து அம்மா என் முதுகில் கிள்ளினாள்.

"ஆமாங்க," என்றேன். "ஆப்பிரிக்காவுல சீட்டான்னு ஒரு புலி. அதுவும் அப்படித்தான். கூடப் பொறந்த அண்ணன் தம்பிங்க சாகற வரைக்கும் ஒண்ணாவே சுத்தும். மூணும் சேர்ந்து ஒரு எடத்தப் புடிச்சு வச்சுக்கும். வேற ஆம்பளப் புலி வந்தா அடிச்சுத் தொரத்தும்."

தம்பிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் அம்மாவின் முகத்தில் பெருமை தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிவிங்கிப்புலியேகூட அரை நிமிஷம் ஓடினால் நின்றுவிடும். நான் நிற்கவில்லை.

"பொண்ணுங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். அன்று அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

"பொண்ணு தனியா இருக்கும். ஆம்பளைங்க கூட ரெண்டு மூணு நாள் இருந்துட்டு அது பாட்டுக்குப் போயிடும்."

அப்பா காலண்டரைப் பார்த்தார். என் தங்கையின் கல்யாணம் நஞ்சன்கூடு பஸ் ஏறிப் போவது என் கண்ணுக்கே தெரிந்தது. எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று அவசரமாக, "ஆனா குட்டிங்கள ரொம்ப நல்லாப் பாத்துக்கும்," என்றேன்.

"யாரு, அப்பனா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"இல்லீங்க, அம்மா மட்டும். அப்பன் எட்டிக்கூடப் பாக்காது. அம்மாதான் நாலஞ்சு குட்டிய ஒண்ணொண்ணா வாயில கவ்விக்கிட்டு எடம் எடமா மாத்தும். வேட்டைக்கும் அதேதான் போகணும். குட்டிங்க தின்னு முடிக்கிற வரைக்கும் காவல் நிக்கும்."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். அவர் இரண்டாவது போண்டாவில் இருந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஏதோ புலிக் கத."

"புலிக் கதயா? ஹாசனுக்கு மாத்தினாங்க, அரசிகெரேக்கு மாத்தினாங்க. மூணு பசங்களயும் ட்ரங்க் பெட்டியயும் தூக்கிட்டு நான்தான் ரயிலேறினேன். நீங்க எங்க இருந்தீங்க?"

"டூட்டில."

"ஞாயித்துக்கெழமையுமா? கிளப்புல கேரம் ஆடறது டூட்டியா? பெரியவன் எந்த கிளாஸ்னு ஹெட்மாஸ்டர் கேட்டப்ப என்ன பண்ணீங்க? அவன் பக்கம் திரும்பி, 'எந்த கிளாஸ்டா?'ன்னு கேக்கல?"

பெரியவர், அதாவது மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார்.

பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் கூடத்தில் முப்பது வருஷக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். கேசரிபாத் ஆறிப்போனது. கடைசியில் அப்பா பொறுக்கமுடியாமல், "விடுங்கம்மா, எல்லா வீட்லயும் இருக்கறதுதானே," என்றார்.

"நீங்க நடுவுல வராதீங்க சம்பந்தி," என்றார் அந்த அம்மா.

வெற்றிலை பாக்கு மாற்றவில்லை, ஜாதகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் வாய்தவறி வந்த அந்த ஒரு சொல்லில் என் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "இந்தச் சம்பந்தமே வேணாம். வர்றதுக்கு முன்னாடியே குடும்பத்தப் பிரிக்கறா."

"ஒக்காருங்க. நான் முப்பது வருஷமா சொல்ல வராததக் கரெக்டாச் சொல்லிட்டா. இவதான் என் மருமக."

அவர் உட்கார்ந்தார். ஆவணியில் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. செலவு மிச்சம் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். தன் மகள் என்ன பேசினாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மாமனார் அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போவதையே விட்டுவிட்டார். தம்பிகள் இரண்டு பேருக்கும் பார்த்தபோது அவருக்கு முட்டிவலி வந்துவிட்டது. போன வருஷம் என் மகளைப் பார்க்க வந்தார்கள். எண்பது தாண்டிய மாமனார் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார். வந்தவர்களில் மாப்பிள்ளையின் அப்பாவை மட்டும் கையைப் பிடித்து ஓரமாக அழைத்தார்.

"சார், பொண்ணு பேச ஆரம்பிக்கறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் தெருமுனைல ஒரு காபி சாப்பிட்டு வந்துடலாம். எல்லாம் முடிஞ்சதும் கூப்பிடுவாங்க."

அந்த மனிதர் உடனே தலையாட்டினார். இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். திரும்பிப் பார்த்தால், என் கணவரும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.