அண்ணன் விட்டுப்போன இரண்டு வடங்கள்

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது. நான் நலம், வீடும் நலம், ஒரு ஆள்தான் குறைவு. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

பழைய லிஃப்ட் மோட்டாரை மாடியிலிருந்து இறக்க வேண்டும், அண்ணன் வடத்தைக் கொடுத்தனுப்புங்கள், இரும்பா நைலானா என்று நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள் அண்ணி என்று ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் சொல்வேன். இதைப் போய் என்னிடம் கேட்கலாமா? ஆனால் மோட்டார் இறங்கும்போது பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள். அதனால் சொல்கிறேன்.

இரும்பு வடத்தை அனுப்ப முடியாது. அதை நான் துவைத்துவிட்டேன். அவர் கைபட்ட பொருள் இப்படிக் கன்னங்கரேல் என்று கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் கொடியில் போட்டேன். கொடி அறுந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "என்னடி, மலைப்பாம்பைக் குளிப்பாட்டுறியா?" என்றாள். "அழுக்கு போகவே மாட்டேங்குதுக்கா" என்றேன். "அது அழுக்கில்லடி பைத்தியமே, கிரீஸ். அதுதான் அதுக்கு உசுரு." இப்போது உள்ளே துருவேறி, வளைத்தால் பல்லைக் கடிக்கிற சத்தம். அவர் செய்வது போலவே பருத்தித் துணியால் தடவிப் பார்த்தேன். அங்கங்கே அறுந்த கம்பி துணியைப் பிடித்து இழுக்கிறது.

நைலானைத்தான் வாயைப் பிளந்து பார்க்கிறேன். பின்னல் ஜடை மாதிரி தோளில் போட்டுக்கொள்ளலாம், கனமே இல்லை. இதுவா மோட்டாரைத் தாங்கும் என்று பீரோவில் கட்டி அக்காவும் நானும் இழுத்தோம். பீரோ நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதைப் பின்னின கை மனுஷக் கையா என்று இன்னும் மலைப்பாக இருக்கிறது.

உங்கள் அண்ணன் சொல்வார்: "இரும்பு போறதுக்கு முன்னாடி நாலு கம்பிய நீட்டிச் சொல்லிட்டுப் போகும். நைலான் அமுக்குணி. சிரிச்சுக்கிட்டே இருந்து பட்டுனு போயிடும்." சொன்னவர் எந்த ரகம் பாருங்கள். செருப்பை மாட்டினார், "சாயங்காலம் வர்றேன்" என்றார், வாசலிலேயே போய்விட்டார். ஒரு கம்பியாவது நீட்டிக் காட்டியிருக்கக் கூடாதா?

ஆனாலும் நைலானையே அனுப்புகிறேன். சாண் சாணாகப் பார்த்துவிட்டேன், வெட்டு இல்லை, பொசுங்கல் இல்லை. மோட்டாரின் கூர்மூலையில் சாக்கைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். நூறு வயசு இருங்கள். இது ஆசீர்வாதம் இல்லை, உத்தரவு.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மோட்டாருக்குப் பக்கத்திலேயே வெல்டிங் நடக்கிறது என்று அவர் இப்போதுதான் வாயைத் திறக்கிறார். இஸ்திரிப் பெட்டி பட்டு என் நைலான் புடவை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். மேலே எழுதியது எதையும் கேட்காதீர்கள். இரண்டையும் அனுப்பவில்லை, ஆளை வெறுங்கையோடு அனுப்புகிறேன். உங்கள் முதலாளி புது இரும்பு வடம் வாங்கட்டும். கத்தினால், அண்ணி சொன்னாள் என்று சொல்லுங்கள். அதுவரை மோட்டார் மேலேயே இருக்கட்டும். நீங்கள் கீழே, தரையில், இருங்கள்.