பாகு காயும் நேரத்தில் மெயினை அணைத்தவன்

விலை போடுவதில் நான் புலி என்று பேசிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. (பேசிக்கொண்டது நான் மட்டும்தான்.) கம்பெனி வேலையை உதறிவிட்டு, வயரிங்கைச் சோதித்துச் சான்று கொடுக்கும் தொழிலைக் கோவில்பட்டியில் சொந்தமாகத் தொடங்கியிருந்தேன். முதல் ஆர்டரை மாமனார் வாங்கிக் கொடுத்தார். அவருடைய சிநேகிதர் செல்லையா அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கம்பெனி. "இதும் சரியா வரலன்னா பேசாம பழைய வேலைக்கே போயிருங்க மாப்ள" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஆக, மானப் பிரச்சினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் தொந்தரவும் இல்லாமல் கம்பெனியைச் சுற்றிப் பார்த்தேன். போர்டு, லைன், மோட்டார் எல்லாவற்றையும் எண்ணி, டீச்செலவு வரை சேர்த்து விலை போட்டேன். எந்த மணிக்கு எந்தச் சோதனை என்று கலர் கலராகத் திட்டமும் தயார். அண்ணாச்சி அதை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கலரெல்லாம் நல்லாருக்கு தம்பி" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த மோட்டார்கள் எதற்குச் சுற்றுகின்றன என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. லீவு நாளில் போனால் கேட்க ஆள் எங்கே இருக்கும்?

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் கம்ப்யூட்டரை ஜாக்கிரதையாக அணைக்கச் சொன்னேன். (அவ்வளவு பொறுப்பு!) பிறகு மெயினை இறக்கிவிட்டு, சோதனைக்காக போர்டில் இருந்த வயர்களைக் கழற்ற ஆரம்பித்தேன். உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, யாரு கரண்ட நிப்பாட்டுனது?"

பாகு காய்ச்சும் முத்துலட்சுமி அக்கா.

"ஒரு மணி நேரந்தான்க்கா. திட்டத்துல போட்டிருக்கே" என்றேன்.

"ஒங்க திட்டத்த பாகுகிட்ட காட்டுங்க. சட்டியில கடலயக் கொட்டியாச்சு, கிண்டுத மோட்டாரு நின்னுபோச்சு."

ஓடினேன். கழற்றிய வயர்களை மாட்டி மெயினை ஏற்றுவதற்குள், சட்டி நிறைய ஒரே ஒரு கடலைமிட்டாய் தயாராகியிருந்தது. கிண்டும் துடுப்பு அதன் நடுவில் நட்டுக்குத்தலாக நின்றது. மோட்டார் ஒருமுறை முனகியது. பாரம் கூடினால் மோட்டார் எரிந்துபோகாமல் காக்கும் ஓவர்லோடு ரிலே உடனே விழுந்து அதை நிறுத்திவிட்டது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், ரிப்போர்ட்டில் எழுதினேன்: "ஓவர்லோடு பாதுகாப்பு சரியாக வேலை செய்கிறது."

அண்ணாச்சி வந்து சட்டியைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டார். என் தொழில் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

"ஓய், ஒம்ம மருமவன் செஞ்ச மிட்டாய உளி வச்சுத்தான் ஒடைக்கணும். இங்கன வாரும், பல்லு நல்லா இருந்தா தின்னுட்டுப் போகலாம்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. அக்காவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. அன்று முழுக்க உளியும் சுத்தியலுமாக மிட்டாய் உடைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சோதனையையும் செய்து முடித்தேன். அண்ணாச்சி தம்பியின் தீப்பெட்டிக் கம்பெனி வேலையும் எனக்கே வந்தது. மாமனார் பழைய வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

என் விலைப்பட்டியல்களை டைப் செய்வது என் மனைவி. அன்றிலிருந்து ஒவ்வொன்றிலும் முதல் நிபந்தனையாக, "பாகு அடுப்பில் இருக்கும்போது மெயின் அணைக்கப்பட மாட்டாது" என்று சேர்த்துவிடுகிறாள். எடுக்கச் சொன்னால், "அது இருக்கட்டும், ஒங்கள நம்ப முடியாது" என்கிறாள். போன மாதம் புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதிலும் அந்த வரி போய்விட்டது. தலைமையாசிரியர் கவலையோடு போன் செய்தார்.

"சார், எங்க சத்துணவுல பாகெல்லாம் கெடயாதே. வேலைக்கு வருவீங்கள்லா?"