இசாமு இடை காத்த படலம்

மலைப்பாதை வளைவுகளில் பேருந்து என்னும் பெருந்தேரைச் செலுத்தியவரும், கனத்த கிளட்சை மிதித்து மிதித்தே தூணென இடக்காலை வளர்த்தவரும், கட்லெட்டின் காதலரும், மூச்சடக்குவதில் முனிவரை வென்றவருமாகிய ஹொரிகொமே இசாமு வாழி! அளவுநாடாவோடு அவர் பொருத சமரைச் சொல்லப் புகுகிறோம். தொப்பை உடையோரே, செவி சாய்ப்பீர்.

ஆடவர் இடை எண்பத்தைந்து சென்டிமீட்டரை எட்டலாகாது என்பது ஆண்டுப் பரிசோதனையின் ஆணை. இலையுதிர்காலந்தோறும் நகராட்சி மண்டபத்தில் வெண்சட்டைச் சேனை பாசறை அமைக்கும். அதன் கையில் சுருண்டு கிடந்த நாடா நாகமெனச் சீறி அவிழும். இசாமு மூச்சை உள்ளிழுப்பார். குன்று குழியாகும். நாகம் ஏமாந்து சுருளும். ஓய்வுபெற்ற நாள்தொட்டு அவர் தோல்வி கண்டதில்லை.

இவ்வாண்டோ, போர்முரசு வீட்டுக்குள்ளேயே முழங்கியது. தர்மபத்தினி யசுயோ, கையில் கரண்டியோடு ஆணையிட்டாள்: "இந்தத் தடவை எண்பத்தஞ்சைத் தொட்டுச்சுன்னா, அந்தக் கறிக்கடைப் பக்கம் தலைகூட வச்சுப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஜெயிச்சுட்டு வந்து ஒண்ணில்ல, ரெண்டு கட்லெட் திம்பேன்!" என்று சூளுரைத்தார் இசாமு.

அன்றே தொடங்கியது தவம். பொன்னிறப் பொரிதூள் போர்த்த பன்றிக்கறி கட்லெட் தெருமுனைக் கறிக்கடையிலிருந்து மணமென்னும் தூதனுப்பி அழைக்க, அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்; வேகவைத்த முள்ளங்கியையும் கடற்பாசிச் சாற்றையும் உண்டு கோடை முழுதும் வற்றினார். "போதுங்க, சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது" என்று யசுயோ கலங்கியதையும் தம் வீரத்துக்குச் சூட்டிய மாலையாகவே கொண்டார்.

போர்நாளாம் புதன்கிழமை வந்தது. மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு, சட்டையைத் தூக்கி, கோட்டைக்கதவை அடைப்பதுபோல் மூச்சை அடைத்து நின்றார். செவிலி நாகுராவோ, நாடாவோடு அவர் காலடியில் மண்டியிட்டாள். எதிரி சரணடைந்தாள் என்று உவகை பொங்கியது இசாமுவுக்கு.

"பேண்டை முட்டி வரைக்கும் சுருட்டுங்க ஐயா. ரெண்டு கையோட கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, இடது கெண்டைக்காலைச் சுத்திப் பிடிங்க."

முகம் கத்தரிக்காய் நிறம் கொள்ள, மூச்சை விடாமலே குனிந்து பிடித்தார். வளையம் பூட்டியது, பூட்டிய பின்னும் இடம் மிஞ்சியது. வெற்றிக்களிப்பில் தவம் கலைந்தது. "பாத்தீங்களா! இன்னொரு விரலே உள்ள போகும்!" மூச்சோடு தொந்தியும் வெளிவந்தது. அதை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

நாகுரா நாடாவைக் காலில் சுற்றினாள். "முப்பத்திரண்டு. முப்பத்திநாலு சென்டியாவது இருக்கணும் ஐயா."

"ரெண்டு குறைச்சுட்டேன்ல?"

"குறையவே கூடாது. உங்களுக்கு எழுபத்தஞ்சு ஆயிடுச்சே, இனிமே இடுப்பை அளக்கறதில்ல. காலுல சதை இருக்கான்னுதான் பாப்போம். எடை ஏதும் குறைஞ்சுதா?"

"அஞ்சு கிலோ" என்றார், விருது கூறும் கட்டியக்காரன் குரலில்.

அவள் சிரிக்கவில்லை. "இந்த நாற்காலியில உக்காந்து, கையை ஊணாம எந்திரிங்க, பாப்போம்."

எழுந்தார், பாதி வழியில் அமர்ந்தார். மலையையே மிதித்து ஏற்றிய இடக்கால், முட்டி வரை சுருட்டிய துணிக்குக் கீழே, யாரோ ஒருவருடைய கால்போல் வெளுத்து மெலிந்து நடுங்கியது. யாருடனோ போர் என்று கிளம்பியவர் எதைச் சூறையாடினார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"இன்னிக்கே டாக்டரைப் பாத்துட்டுப் போங்க. தினம் நடக்கணும். மீன், முட்டை, கறி எல்லாம் நல்லா சாப்பிடணும்" என்று அருளினாள் நாகுரா.

"கட்லெட்?" குரல் ஈனஸ்வரமாய் வந்தது.

"அளவா சாப்பிடுங்க. பட்டினி மட்டும் வேணாம்."

மருத்துவர் சொன்னதும் அதுவே. வாசலில் காத்திருந்த யசுயோ எல்லாவற்றையும் கேட்டு, அவர் காலை ஒருமுறை பார்த்து, "வாங்க, நானே வாங்கித் தரேன். ரெண்டு" என்று மட்டும் சொல்லிக் கையைப் பற்றிக்கொண்டாள். தோற்றும் வென்ற அவ்வீரர், நாவூறும் பெருங்கடலில் நம்பிக்கைக் கலம் மிதக்க, இடக்கால் தளர்ந்தாலும் இலக்குத் தளராது, ஆணை பிறப்பித்த அரசியே அருகில் படைத்துணையாய் வர, கடைவீதி நெடுகப் பவனி சென்று தெருமுனைத் திருவாயிலை அடைந்தார்.

புதன்கிழமை கறிக்கடைக்கு விடுமுறை.