பிரேக் அண்ணன் எடுத்த முதல் மார்க்

எரிச்சலூட்டுவதில் பிரேக் அண்ணனை மிஞ்ச கெடா மாநிலத்திலேயே ஆள் கிடையாது. அலோர் ஸ்டார் அரசாங்க அலுவலகங்களில் வரிசையில் நின்று பழகியவள் சொல்கிறேன்.

திகாம் பத்துவில், குடியை விட்டவர்கள் கூடும் மையம் ஒன்றை அவர் நடத்திவந்தார். அங்கேயே சிகரெட்டையும் விடவைக்கலாம் என்று ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. மருந்தாளரான என்னைக் கூலிமிலிருந்து சனிக்கிழமைதோறும் அனுப்பியது. நான் கொண்டுபோனவை: தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பிளாஸ்டர், நிக்கோட்டின் சூயிங்கம், ஊதினால் மூச்சிலுள்ள புகை நச்சை எண்ணாகக் காட்டும் கருவி. அவரிடம் இருந்தது ஒரே சொல். நான் வாயைத் திறந்ததும் “பிரேக்!” என்பார். கூட்டம் மொத்தமும் வெளியே போய்ப் பற்றவைக்கும்.

“அண்ணே, இது சிகரெட்ட விடுற கிளாஸ்.”

“குடியவே விட்டுட்டானுங்க மிஸ்ஸி. இதையும் புடுங்குனா மனுசன் என்னாதான்லா செய்வான்?”

பிளாஸ்டரைக் கோயோக் என்னும் வலிப்பட்டை மாதிரி முட்டிவலிக்கு ஒட்டிக்கொண்டார். கருவியைப் பரீட்சை என்று முடிவுகட்டினார். நெஞ்சில் தெம்புள்ளவனுக்கே பெரிய எண் வருமாம். அடுத்த வாரம் எல்லோரும் நன்றாக இழுத்து, தயாராகி வந்து ஊதினார்கள். அண்ணன் கைதட்டி மார்க் அறிவித்தார்.

எண்கள் இறங்காவிட்டால் பணம் நின்றுவிடும் என்று அறக்கட்டளை எச்சரித்தது. கூட்டத்தில் ஒருவரான, நெஞ்சடைப்பு வந்து பிழைத்த லாரி ராஜு, பிளாஸ்டர் புண்ணியத்தில் அப்போதுதான் சிகரெட்டைக் குறைத்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கையை அண்ணனிடம் சொன்னேன்.

“அப்ப ராஜுக்கு பிளாஸ்டர் இல்லையா?”

“இல்ல.”

அன்று அவர் பிரேக் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் வாசலில் நின்று ஒவ்வொருவர் பையையும் தடவினார்.

“எடுடா. சாக்ஸுக்குள்ள என்னா? அதையும் எடு.”

அறக்கட்டளை அதிகாரி பார்க்க வந்த நாளில் எல்லோருடைய எண்ணும் தரையைத் தொட்டது. ராஜுவுடையதுதான் மிகக் குறைவு. கடைசியாக அண்ணன் ஊதினார். அப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததே இல்லை. கருவி கெட்டுவிட்டதென்று குழாயை மாற்றி மறுபடி ஊதச் சொன்னேன். இன்னும் ஏறியது.

“அண்ணே! என்னா செஞ்சீங்க?”

“இவனுங்ககிட்ட புடுங்குனத எல்லாம் நாந்தான் புடிச்சேன். நல்ல சாமான் மிஸ்ஸி, சாக்கடையில, லோங்காங்குல வீச முடியுமா?”

பணம் நிற்கவில்லை. மற்றவர்கள் தேறிவிட்டார்கள், என் பட்டியலில் இப்போது அவர் ஒருவர்தான். இன்றும் நான் வாயைத் திறந்ததும் “பிரேக்!” என்று எழுகிறார். வாசலை மறித்து நின்று, நான் அவர் பையைத் தடவுகிறேன்.

“ஒரு ஆளுக்காகவா கூலிம்லேர்ந்து வர்ற? விட்டுத் தொலையேன்லா.”

இவரும் நல்ல சாமான். லோங்காங்கில் வீச முடியுமா?