நாற்பத்தேழாம் பிளாக்கில் வீடு கேட்டு வந்த மனுக்கள்

நெய்வேலி

அன்புள்ள நந்தினிக்கு,

பெரியம்மாவின் ஆசிகள். நான் நலம். உன் மாமா, என் அண்ணன் குழந்தைவேல் நலமா என்பதை அவர் அறைக்கதவுதான் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்கு என் அன்பு. இனி விஷயம்: உன் ஆவணப்படத்தை மறந்துவிடு.

அனல்மின் நிலையம் கழித்துப்போட்ட, மீட்டர் கோடு பதிந்த வட்ட சார்ட் தாள்களின் பின்பக்கத்தில், யாரோடும் பேசாமல், என் குவார்ட்டர்ஸின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக அண்ணன் வரைந்துகொண்டிருந்தது ஒரு டவுன்ஷிப் என்பதே, போன மாதம் நீ எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்துக் கேமராவோடு உள்ளே போன பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கும் இல்லாத நாற்பத்தேழாம் பிளாக். மாடிக்கு ஏறப் பலாமரத்தில் படி. ஒவ்வொரு வாசலிலும் நம் பிளாக் ஆட்களின் பெயர், பால் ஊற்றும் கஸ்தூரியம்மாள் உட்பட. நீ அனுப்பிய நான்கு நிமிடத் துண்டை, யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டு வள்ளியம்மாளுக்கு மட்டும் காட்டினேன். ஷிப்ட் விடுவதற்குள் வாட்ஸ்ஆப்பில் பிளாக்கே பார்த்துவிட்டது. கலையைப் பற்றி ஒருவராவது கேட்பார் என்று நினைத்தேன். எல்லாரும் கேட்டது, தமக்கு எந்த டைப் வீடு என்று. மகனோடு இருக்கும் ரிடையர்டு ஆபீசர் சுப்பிரமணியன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸும்மா எனக்கு. எனக்குப் போட்டிருக்கறது மாடியில ஒத்தை ரூம். கான்ட்ராக்ட்ல இருந்த அறிவழகனுக்குத் தோட்டத்தோட வீடா? எந்த சீனியாரிட்டிங்க இது?"

"சார், அது படம்."

"படம்னா ரூல்ஸ் இல்லையா?"

சர்வீஸ் சான்றிதழ் நகலோடு மனுவை என் கையில் திணித்தார். மறுநாள் பதினொரு மனுக்கள். ஒருவருக்கு மூட்டுவலி, தரைத்தளம் வேண்டும். இன்னொருவருக்கு மருமகள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வேண்டும். அத்தனையையும் கதவடியில் தள்ளினேன். அது என் இரண்டாவது தப்பு. அன்றோடு பென்சில் சீவும் சத்தம் நின்றது. ஆறு நாளாகச் சாப்பாட்டுத் தட்டு மட்டும் ஜன்னல் வழியே போய் வருகிறது. பத்தொன்பது வருடம் ஓடிய கையை நீயும் நானும் சேர்ந்து நிறுத்திவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது.

கஸ்தூரியம்மாளின் ஊர் கம்மாபுரம் பக்கம், சுரங்கத்துக்குள் போன ஊர். நேற்று அவள் நேராகப் பின்ஜன்னலுக்குப் போய், "அண்ணே, எனக்கு மனு எழுத வராது. எங்கூட்டுக் கெணத்தாண்ட முருங்கமரம்தான் இருந்துது. நீங்க வேம்பு போட்டுக்கினு இருக்கீங்க. மாத்திப் போடுங்க. தண்ணி நெறைய இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டுப் பால் கேனோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகவே வராதே. வீடு ஒதுக்காத கலைஞராகப் பார்த்துப் படம் எடு. இந்தப் பிளாக்கிலேயே மனு கொடுக்காத ஒரே ஆள் நான்தான். படித்தவள் ஒருத்தியாவது நிதானமாக இருக்க வேண்டாமா?

வேளைக்குச் சாப்பிடு. நீ எடுக்கும் எந்தப் படமும் விளங்கட்டும்.

உன் பெரியம்மா
அன்புக்கரசி

பி.கு.: நல்ல வேளை, உறையை ஒட்டவில்லை. அந்த நான்கு நிமிடத்தை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். எந்த வாசலிலும் என் பெயர் இல்லை. இன்று காலை நானும் ஒரு மனு எழுதி, இரண்டு பிரதிகளாக, கதவடியில் தள்ளினேன். கதவு திறந்தது. "நீ எங்கூடதான இருக்க? உனக்கு எதுக்குத் தனி வூடு?" என்றார் அண்ணன். ஆறு நாளும் மனுக்களைத்தான் படித்திருக்கிறார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'பரிசீலனையில்' என்று எழுதியிருக்கிறது. சுப்பிரமணியனுக்கு ஒரு பால்கனி கூடியிருக்கிறது. கிணற்றடியில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது. சனிக்கிழமை கேமராவோடு வா. பச்சைப் பென்சில் தீர்ந்துவிட்டதாம், இரண்டு டஜன் வாங்கி வா.