மீனுக்குக் கோபமூட்டிய பிரேக் அண்ணன்

விழுப்புரம் வட்டாரத்தில் மீன் பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். மீனுக்குக் கோபமூட்டுவதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பிரேக் அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கூட்ஸ் வண்டியில் அவர் கார்டு. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, இறக்கம் வந்தால் கைச்சக்கரத்தைத் திருகி வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது உத்தியோகம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பிடியை அவர் விட்டதில்லை. நடந்தால் பிரேக், சாப்பிட்டால் பிரேக், தும்மல் வந்தால்கூட யோசித்துத்தான் தும்முவார். ஒருநாள் அவர் வேட்டியில் தேள் ஏறிக்கொண்டிருந்தது. நான் அலறிவிட்டேன்.

"கத்தாத தம்பி. அதுக்கும் எங்கியோ போவ வேண்டிய வேலை இருக்கும்" என்றார். தேள் இறங்கிப் போகும்வரை கையிலிருந்த பேப்பரை மடிக்கவில்லை.

"எங்க கல்யாணத்துல இவரு மொத முடிச்சு போடறதுக்குள்ள நாயனக்காரரு ரெண்டு தபா மூச்சு வாங்கிட்டாரு" என்பார் அண்ணி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குறையே இருக்காது, பெருமைதான் இருக்கும்.

இது ஐம்பதுகளின் கடைசி. நான் திண்டிவனத்துக்காரன். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. முப்பதை நெருங்கியும் பெண் அமையாத ஆசாமி. அண்ணன் குடியிருந்த வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அண்ணி கையால். அதற்குக் கைம்மாறாகத்தான் நான் ஆற்றில் துடுப்பு வலிக்கப் போனேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் அண்ணன் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவர் ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர். குடும்பத்தோடு கப்பலேறிச் சீமைக்குப் போகும்போது, அண்ணனிடம் ஒரு தூண்டில் கழியையும், நரம்பு சுற்றும் சக்கரத்தையும், ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையையும் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரிகையில் ஏதோ குளிர்தேசத்து ஆறு. கடலிலிருந்து அந்த ஆற்றுக்கு ஏறி வரும் ஒரு மீனுக்கு இரும்புத்தலை என்று அர்த்தம் வரும் பெயர். அதைப் புழுவோ இரையோ இல்லாமல், வெறும் மரத்தில் செதுக்கிய மீனைக் காட்டிப் பிடிக்கிறார்களாம். அண்ணன் அந்தப் பக்கங்களை ஆறு மாதம் படித்தார். வழக்கமான வேகம்தான்.

"மரக்கட்டைய எந்த மீனுண்ணே தின்னும்?" என்று கேட்டேன்.

அண்ணன் காப்பி கலக்கிய கரண்டியை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்து ஆட்டினார். நான் தலையைத் திருப்பினேன். கரண்டியும் திரும்பியது. பின்னால் சாய்ந்தேன். கரண்டியும் வந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. ஒரு நிமிடம் பொறுத்தேன். பிறகு பளீரென்று தட்டிவிட்டேன். கரண்டி முற்றத்தில் போய் விழுந்தது.

"உனக்குப் பசியா?"

"இல்லண்ணே."

"அப்புறம் இன்னாத்துக்கு அடிச்ச? இது பசி வேலை இல்ல தம்பி, ரோஷ வேலை. நம்ம பெண்ணையாத்துல இரும்புத்தலை இல்லன்னா இன்னா? வாளை இருக்குது. வாளைக்கு ரோஷம் இல்லியா?"

கல்யாண முருங்கைக் கட்டையில் அவரே மர மீன் செதுக்கினார். தாடையில் பவுடர் டப்பாத் தகரத்தில் ஒரு நாக்கு வைத்தார். ஓடும் தண்ணீர் அந்த நாக்கில் மோதினால் கட்டை தலைகுப்புற முழுகி, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் முள் தொங்கும். பத்திரிகையில் சிவப்புச் சாயம் அடிக்கச் சொல்லியிருந்தது. அண்ணன் ஒப்பவே இல்லை.

"செவப்பப் பாத்தா நின்னுடும். பச்சை அடி, வரும்" என்று பச்சை அடித்தார்.

அடுத்தது படகு. பொட்டிக்கடை மரப்பெட்டிகளைப் பிரித்து, தட்டையான அடியும் இரண்டு பக்கமும் தூக்கிய மூக்குமாக ஒன்று செய்து, அடியில் தார் பூசினார். ஆற்றங்கரையில் ஒரு கொல்லைக்காரரின் பம்புசெட்டுக் கொட்டகையில் அதை விட்டு வைத்தோம். ஆற்றில் தண்ணீர் ஓடுவது ஐப்பசி கார்த்திகையில் சில வாரங்கள். மற்ற மாதங்களில் கொல்லைக்காரர் அதில் மாட்டுக்கு மல்லாட்டைப் புண்ணாக்கு ஊற வைத்தார். கேட்டால், "சும்மா கெடந்தா மரம் வெடிச்சுடும்ங்க, ஈரமா வெச்சிருக்கேன்" என்று எங்களுக்கு உபகாரம் செய்தவர் போலச் சொல்வார். ஆகவே ஒவ்வொரு வருடமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேல் புண்ணாக்கு வாசனை வீசும். திரும்பும் வழியில் தெரு மாடுகளெல்லாம் அண்ணனை மரியாதையோடு பார்க்கும்.

என் வேலை துடுப்பு. கேட்கச் சுலபம். ஆறு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஆற்றுக்கு எதிராக வலிக்க வேண்டும். படகு மேலே ஏறவும் கூடாது, தண்ணீரோடு ஓடவும் கூடாது. அவிழ்த்துக்கொண்டு ஓடும் கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடப்பது போல.

"தண்ணி பத்தடி போனா நாம மூணடி" என்பார் அண்ணன். "கூட்ஸு எறக்கத்துல போறப்ப நான் இன்னா பண்றேன்? புடிச்சுக்கினே போறேன். அதே வேலைதான்."

மர மீன் எங்களுக்கு முன்னால் இருபது முழத்தில் நரம்பின் நுனியில் ஆடிக்கொண்டு இறங்கும். வாளை படுத்திருக்கும் மடு வந்தால், அதன் மூக்குக்கு நேரே அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கிக்கொண்டே போய் வம்புக்கு இழுக்கும். நான் கொஞ்சம் அசந்தால் படகும் தண்ணீரும் ஒரே வேகமாகிவிடும். உடனே மர மீன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே வந்து மல்லாந்து மிதக்கும்.

"தம்பி, மீனு செத்துடுச்சு" என்பார் அண்ணன், சாந்தமாக.

நான் பல்லைக் கடித்து வலிப்பேன்.

"ம், உசுரு வந்துடுச்சு."

ஒரு காலைப்பொழுதில் அந்த மீன் என் கையால் முப்பது தடவை செத்துப் பிழைக்கும்.

ஒருமுறை கோடையில் திண்டிவனத்து ஏரிக்கு அவரை அழைத்துப்போனேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "நல்ல தண்ணி. ஆனா தூங்குது. போற தண்ணியத்தான் தம்பி புடிக்க முடியும்" என்று சொல்லிவிட்டு, எங்கள் அம்மா கையால் கேப்பைக் கூழ் குடித்துவிட்டுத் திரும்பினார்.

இதில் அண்ணியின் பங்கு ஒன்று உண்டு. நாங்கள் சைக்கிளில் துடுப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பியதுமே அவர் அம்மியில் உட்கார்ந்து மீன் குழம்புக்கு மிளகாயும் தனியாவும் தேங்காயும் அரைத்துவிடுவார். புளி கரைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவும் விட்டுவிடுவார். மத்தியானம் சைக்கிள் மணி கேட்டதும் கரண்டியோடு வாசலுக்கு வருவார். அண்ணன் தலையை ஆட்டுவார். அண்ணி உள்ளே போய், தயாராக நறுக்கி வைத்திருக்கும் கத்திரிக்காயைக் குழம்பில் போடுவார். ஒவ்வொரு வருடமும், ஆறு ஓடிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான் நடந்தது.

பக்கத்து வீட்டம்மா ஒருநாள் கேட்டே விட்டார். "மீனு வந்தப்புறம் அரைச்சா ஆவாதா?"

"வர்றதும் வராததும் ஆத்தோட இஷ்டம்ங்க. அரைச்சு வெக்கிறது என் வேலை" என்றார் அண்ணி.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அண்ணன் எனக்கு விதித்த கட்டளை ஒன்றே ஒன்று. கார்டு பெட்டியில் கொடி செருகுவது போன்ற ஓர் இரும்புக் குழாயைப் படகின் ஓரத்தில் அடித்து, கழியை அதில் செருகி வைத்திருப்பார். "கழி ஒருதபா குனிஞ்சா மீனு மொறைக்குது. ரெண்டாவது தபா குனிஞ்சா அடிச்சுப் பாக்குது. மூணாவது தபா குனிஞ்சு நிமிராம நின்னாத்தான் கவ்வியிருக்குது. அதுவரைக்கும் அதத் தொடவே கூடாது. நீ பாட்டுக்கு வலிச்சுக்கினே இருக்கணும்."

இரண்டாவது வருடம், ஒரு மடுவின் தலைப்பில், அண்ணன் குனிந்து டப்பாவால் படகுக்குள் கசிந்த நீரை இறைத்துக்கொண்டிருந்தார். கழி குனிந்தது. ஒரே ஒரு தடவை. நான் இரண்டு துடுப்பையும் போட்டுவிட்டுப் பாய்ந்து கழியைப் பிடுங்கி வெட்டி இழுத்தேன். தண்ணீரைப் பிளந்துகொண்டு என் கை நீளத்துக்கு ஒரு வாளை துள்ளியது. வெயிலில் வெள்ளித்தகடு போல ஒருதரம் புரண்டது. அடுத்த நொடி மர மீன் மட்டும் பறந்து வந்து என் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது.

அண்ணன் நிமிர்ந்தார். வட்டமிட்டு அடங்கும் தண்ணீரைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய மீனைப் பார்த்தார்.

"பெரிய வாளைதான்" என்றார். பிறகு, "ஒரு துடுப்பு ஆத்தோட போவுது பாரு" என்றார்.

வாசலில் அண்ணி கரண்டியோடு நின்றார். "இன்னாங்க ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "வந்துச்சு. நான்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்."

அண்ணி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கிழிந்த காலரைப் பார்த்தார். உள்ளே போனார். அன்று என் தட்டில் இரண்டு கத்திரிக்காய்த் துண்டு அதிகம் விழுந்தது. நான் அதையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்கப்புறம் மூன்று வருடம் ஒரு மீனும் முறைக்கக்கூட இல்லை. குழம்பில் கத்திரிக்காய் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்றது.

ஐந்தாவது வருடம் கார்த்திகையில் அண்ணனுக்கு மானாமதுரைக்கு மாற்றல் வந்தது. அங்கே ஆற்றில் மணலைத் தவிர வேறு ஒன்றும் ஓடுவதில்லை என்று ஸ்டேஷனில் எல்லோரும் சொன்னார்கள். திங்கட்கிழமை வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. சைக்கிளில் போகும்போது அண்ணன் தானாகப் பேசினார், அது அதிசயம்.

"ஊர விட்டுப் போறதுக்குள்ள உங்க அண்ணி கொழம்புல ஒரு மீனு போட்டுடணும் தம்பி. அஞ்சு வருசமா அரைக்கிறா."

எனக்கு ஆற்றங்கரை போய்ச் சேரும்வரை வேறு நினைப்பே இல்லை.

காலை முழுவதும் ஒன்றுமில்லை. மதியம் நெருங்கும்போது அதே மடு வந்தது. நான் வலித்தேன். தண்ணீர் பத்தடி, நாங்கள் மூன்றடி. கழி குனிந்தது. என் கை தானாக எழுந்தது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை இழுத்துத் துடுப்போடு அழுத்திக்கொண்டேன். இரண்டாவது முறை குனிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வலித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், கழி வில்லாக வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, நிமிராமல் நின்றது.

அண்ணன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, கழியைக் குழாயிலிருந்து உருவினார். இதற்குள் வேறு யாராவது மூன்று மீன் பிடித்திருப்பார்கள்.

"விட்டுடாத தம்பி. புடிச்சுக்கினே இரு" என்றார்.

பிடித்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் கழித்து அந்த வாளை புண்ணாக்கு வாசனை அடிக்கும் எங்கள் படகுக்குள் கிடந்தது.

வாசலில் சைக்கிள் மணி கேட்டு அண்ணி கரண்டியோடு வந்தார். சாக்குக் கட்டுக்குள் போயிருந்த அம்மியை மறுபடி அவிழ்த்து எடுத்து அரைத்திருந்தார். கன்னத்தில் மிளகாய் விழுது தீற்றியிருந்தது. மீனைப் பார்த்தார்.

"இது நம்ம சட்டியில கொள்ளாதே!" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஐந்து வருடம் கத்திரிக்காய்க்குப் பழகிய சட்டி அது. கட்டி வைத்த மூட்டைகளையெல்லாம் நானும் அவருமாகப் பிரித்துப் பெரிய சட்டியைத் தேடினோம். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தேங்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

தட்டில் மீன் விழுந்தபோது எனக்குத் தாங்கவில்லை. "அண்ணி, அன்னிக்கு அவசரப்பட்டு இழுத்தது அண்ணன் இல்ல. நான்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார் அண்ணி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "இவராவது, அவசரப்படறதாவது!"

மூன்று வருடமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் எதையும் காதில் வாங்காதவராக ஒரு கவளம் எடுத்து, நிதானமாக மென்று, விழுங்கி, தட்டைச் சுற்றிலும் தேடினார்.

"இன்னிக்குக் கத்திரிக்கா போடலியா?" என்றார்.

மறுநாள் ஸ்டேஷனில் தூண்டில் கழியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். படகு கொல்லைக்காரரின் மாடுகளுக்கே ஆயிற்று. மர மீனை என் கையில் வைத்தார் அண்ணன். வண்டி நகரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைக்கத் தொடங்கினார், நல்லவேளையாக வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் கை மேலே வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அந்தப் பச்சை மீன் இன்றும் என் மேஜை மேல் இருக்கிறது. மானாமதுரை ஆற்றில் அந்த வருடம் தண்ணீர் வந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி மசாலா அரைத்திருப்பார். அது எனக்குத் தெரியும்.